பழைய கார்பன் ஃபோர்க்: கழற்றிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் மிதிப்பவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் போன வாரம் அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். கோட்டை அகழி ஓரம் பத்துப் பதினைந்து பேர், தலைக்கவசமும் கலர் சட்டையுமாக, படம் நன்றாகவே இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி, மூன்று வருடமாக நானும் மிதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு வரி வந்திருந்தது: நல்ல கார்பன் சைக்கிள்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்குக் கிடைக்கின்றன, புதிதாகத் தொடங்குகிறவர்கள் வாங்கலாம் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம். இடம் போதாவிட்டால் என் கதையை வெட்டிவிடுங்கள். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கும் கவட்டையை, அதாவது ஃபோர்க்கைப் பற்றிச் சொல்வதை மட்டும் வெட்டாதீர்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். எங்களுக்குப் பழைய ஃபோர்க் ஒன்றை விற்றவர் நம் பக்கத்து ஆள்தான். நாளைக்கு ஒரு கல்யாணத்தில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேச வேண்டும்.

நான் சைக்கிள் கடைக்காரன் இல்லை. 1987-ல், வேலூரும் திருவண்ணாமலையும் வட ஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபைபர் வேலைக்குப் போனேன். ஆசிட் டேங்க், தோல் ஷெட்டுகளின் கழிவுநீர்த் தொட்டி, புகை போகும் குழாய் எல்லாவற்றுக்கும் எஃப்.ஆர்.பி., அதாவது இழை சேர்த்த பிளாஸ்டிக், அடிப்போம். கண்ணாடி இழைப் பாயை (மேட் என்போம்) விரித்து, ரெசின் என்ற பிசினில் அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து பூசி, ரோலரை உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றி, அதன்மேல் அடுத்த மேட். இப்படி 34 வருடம். கடைசிப் பத்து வருடம் நான் மேஸ்திரி. அடிப்பதைவிட, அடித்ததில் எங்கே அடுக்கு விட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. சின்ன மரச் சுத்தியால் தட்டிக்கொண்டே தொட்டியைச் சுற்றி நடப்பேன். நன்றாக ஒட்டிய இடம் 'டக் டக்' என்று பேசும். அடுக்கு பிரிந்த இடம் 'தொப்' என்று அமுங்கும். சாக்பீஸால் அங்கே வட்டம் போட்டுவிட்டு நகர்வேன்.

கார்பன் ஃபைபரும் அதே குடும்பம்தான். கண்ணாடி இழைக்குப் பதில் கார்பன் இழை, ரெசின் பெரும்பாலும் எபாக்சி. அடுக்கும் விதம் இன்னும் நுணுக்கமானது, ஆனால் அடிப்படை ஒன்றுதான்: இழை பலம் கொடுக்கிறது, ரெசின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. பிடி விட்டால் பலம் போச்சு.

இனி என் அக்கா மகன் கதை. காட்பாடியில் இருக்கிறான், வயது 24. அவனுடையது அலுமினிய ஃபிரேம் போட்ட ரோடு சைக்கிள், முன்னால் இரும்பு ஃபோர்க். போன ஆடியில் திருவலம் பக்கம் போய்த் திரும்பும்போது மழைத் தண்ணீர் நின்ற பள்ளம் தெரியாமல் இறக்கிவிட்டான். ஃபோர்க் பின்னுக்கு வளைந்து, மிதிக்கும்போது கால் விரல் முன் டயரில் இடித்தது. அப்படியே மெதுவாக வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டும் வந்துவிட்டான். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொசப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். "நிமித்தலாம்ண்ணா, ஆனா பழைய மாதிரி இருக்காது, வேற போட்டுடுங்க" என்றார். வேறு ஃபோர்க் எங்கே கிடைக்கும்? புதிய ரோடு சைக்கிள்கள் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்குக்குப் போய்விட்டன. அவற்றின் ஃபோர்க் கழுத்தும், அதாவது ஃபிரேமுக்குள் நுழையும் குழாயும், கீழே போகப்போகப் பருத்திருக்கும், பழைய ஃபிரேமுக்குள் ஏறாது. சக்கர வளையத்தைக் கவ்வும் ரிம் பிரேக்குக்கு ஏற்ற நேர்க்கழுத்து ஃபோர்க் வேண்டுமென்றால் பழசைத்தான் தேட வேண்டும். பையன் போனில் தேடி, ஒருவரிடம் 5,500 ரூபாய்க்குப் பேசி முடித்து, பார்சலோடு நேராக என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டான்.

"மாமா, தூக்கிப் பாருங்க. காத்து மாதிரி இருக்கு."

உண்மைதான். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம், 430 கிராம். கடைக்காரர் அது என்ன, பெரிய கவட்டையா என்று கேட்டார். கறுப்பாக, பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாத மாதிரிதான் இருந்தது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

பழக்க தோஷம், முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். அழுக்கு இருந்தால் விரிசலும் தெரியாது, விரிசல் மாதிரித் தெரியும் அழுக்கும் நம்மை ஏமாற்றும். துடைத்துக் காயவைத்து, பழைய மல் வேட்டித் துண்டால் இரண்டு காலையும் மேலிருந்து கீழாக மெல்ல உருவினேன். எங்காவது இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் மாட்டும். வெறும் விரலால் உருவாதீர்கள், கார்பன் சிலாம்பு ஏறினால் எடுப்பது பெரிய பாடு. துணி எங்கேயும் மாட்டவில்லை. சக்கர அச்சு உட்காரும் காடி இரண்டும் அலுமினியம், கார்பனில் ஒட்டியிருந்தது. அந்த ஒட்டு வரியை டார்ச் அடித்துப் பார்த்தேன். பெயின்ட் பொங்கவில்லை, வெள்ளைப் பொடி இல்லை. சரி.

பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினேன். இதில் ஒன்று சொல்ல வேண்டும். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டிச் சுவர் ஒரே கனம், அதில் சத்தம் நம்பகமாகப் பேசும். ஃபோர்க்கில் ஓர் இடம் கனம், ஓர் இடம் மெல்லிசு, சில இடங்களில் உள்ளே உலோகம். எனவே சத்தம் மாறத்தான் செய்யும். இடது காலில் ஓர் இடத்தைத் தட்டினால், வலது காலில் அதே உயரத்தில் தட்டி இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்று 'டிக்', மற்றது 'தொப்' என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை, இதுவரை கெட்டது எதுவும் கையில் சிக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஃபோர்க்கின் இரண்டு காலும் ஒரே குரலில் பேசின.

கடைசியாகக் கழுத்து. ஃபிரேமுக்குள் நுழைந்து மேலே ஹேண்டில்பாரைப் பிடிக்கும் குழாயைத்தான் சொல்கிறேன். ஸ்டீயரர் என்பார்கள், எங்கள் மெக்கானிக்குக் கழுத்து. சைக்கிளில் மாட்டியிருக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது. பெயின்ட்டும் கிடையாது, மங்கிய கறுப்பு. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தேன். மேல் நுனியிலிருந்து மூன்று விரற்கடை கீழே, முன்பக்கமாக, பிறை மாதிரி ஒரு கோடு. ஹேண்டில்பாரைக் கழுத்தோடு சேர்க்கும் துண்டான ஸ்டெம்மின் கீழ் விளிம்பு கவ்விய இடம். நகத்தால் இழுத்தேன். நகம் நின்றது.

பையன் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு தடவை இழுத்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

கழுத்துக்குள் டார்ச் அடித்தால் அடுத்த அதிர்ச்சி. உள்ளே ஸ்டார் நட் அடித்து இறக்கியிருக்கிறார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கழுத்து திரும்புவதற்கான பேரிங்கை, அதாவது ஹெட்செட்டை, இறுக்குவதற்குக் கழுத்துக்குள் ஒரு பிடிமானம் வேண்டும். இரும்பு, அலுமினியக் கழுத்தென்றால் நட்சத்திர வடிவ நட்டைச் சுத்தியால் அடித்து இறக்குவார்கள். அதன் பற்கள் சுவரைக் கடித்துக்கொண்டு நிற்கும். கார்பன் கழுத்துக்குள் அதை அடிக்கவே கூடாது, ஒவ்வொரு பல்லும் இழையைக் கீறிக்கொண்டே இறங்கும். கார்பனுக்கு விரிந்து பிடிக்கும் எக்ஸ்பாண்டர் பிளக் தனியாக இருக்கிறது. ஸ்டெம் கவ்வும் இடத்துக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுப்பதும் அதுதான். இங்கே வெளியே ஸ்டெம் நெரித்திருக்கிறது, உள்ளே முட்டு இல்லை, போதாததற்கு ஆணிப் படுக்கை மாதிரி கீறல் வேறு.

விற்றவருக்குப் போன் போட்டோம். "பத்து வருஷமா நானே ஓட்டுன வண்டி சார், ஒண்ணும் ஆவல" என்றார். பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்றார். பணம் திரும்பவில்லை. ஆனால் அவர் தெரிந்தே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஃபோர்க் பத்து வருடமும் ஃபிரேமுக்குள்ளேயே இருந்திருக்கிறது. விற்பதற்காகக் கழற்றியவர் அதைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவரே அந்தக் கழுத்தின்மேல் உட்கார்ந்து எத்தனை முறை இறக்கத்தில் போனாரோ.

"ஒண்ணும் ஆவல" என்ற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. வளைந்த இரும்பு ஃபோர்க்கில் பையன் வீடு வந்து சேர்ந்தான் என்றேன் அல்லவா? இரும்பு வளையும், காலை இடிக்கும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் வளைந்துவிட்டு அப்படியே நிற்கிற சாதியில்லை. தாங்கும் வரை தாங்கும், பிறகு மொத்தமாக விட்டுவிடும். ஃபோர்க் விட்டால் முகம்தான் முதலில் தரையைத் தொடும், கையை ஊன்றக்கூட நேரமிருக்காது. கண்ணாடி இழைக்காவது ஒரு நல்ல குணம் உண்டு. அடிபட்ட இடம் உள்ளே வெளுத்துப் போகும், தொட்டிச் சுவரில் பால் சிந்தினாற்போல் தெரியும். கார்பன் கறுப்பு, அதன்மேல் பெயின்ட் வேறு. உள்ளே அடுக்கு பிரிந்தாலும் வெளியே மினுக்கிக்கொண்டே இருக்கும்.

பையன் அதற்குள் போனில் ஒரு வீடியோவை எடுத்துக் காட்டினான். 2006-ல் பிரான்சில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயம். கருங்கல் பாவிய சாலையில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேப்பி போய்க்கொண்டிருக்கும்போதே ஹேண்டில்பார் கையோடு வந்துவிடுகிறது. தோளில் அடி. "பாத்தீங்களா மாமா, கார்பன்" என்றான். இல்லை என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று முறிந்தது அலுமினியக் கழுத்து. பழைய கார்பன் ஃபோர்க்குகளில் பலவற்றுக்குக் கால் மட்டும்தான் கார்பன், கழுத்து அலுமினியமாகவோ இரும்பாகவோ இருக்கும். 'கார்பன் ஃபோர்க்' என்று எழுதி விற்பார்கள். ஒரு காந்தமும் டார்ச்சும் இருந்தால் எது எது என்று தெரிந்துவிடும். காந்தம் பிடித்தால் இரும்பு. வெள்ளி மாதிரிப் பளிச்சிட்டும் காந்தம் பிடிக்கவில்லையென்றால் அலுமினியம். மங்கிய கறுப்பாக, சன்னமான நெசவோ வரியோ தெரிந்தால் கார்பன்.

அலுமினியக் கழுத்து என்றால் இன்னொரு தொல்லை. அலுமினியமும் கார்பனும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்கினால் அது பேட்டரி மாதிரி வேலை செய்யும், அரிபடுவது அலுமினியம். வேலூரில் உப்புத் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். சித்திரை வெயிலில் பாகாயத்திலிருந்து கண்ணமங்கலம் வரை மிதித்துப் பாருங்கள், மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வை நேராக ஸ்டெம்மின்மேல்தான் விழும். வீட்டுக்குள்ளேயே ஸ்டாண்டில் பூட்டி மிதிக்கிறவர்களுக்கு இன்னும் மோசம், காற்றில்லாததால் எல்லாம் அங்கேயே ஊறும். ஒட்டு வரியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பெயின்ட் கொப்புளம் போட்டிருந்தால், அல்லது காடியோ கழுத்தோ கையால் முறுக்கினால் இம்மி அசைந்தால், அந்த ஃபோர்க்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெயிலைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது, நம் ஊர் வெயிலில் கார்பன் இளகிவிடும் என்று. இளகாது. சூட்டில் வைத்துப் பதமாக்கிய எபாக்சிக்கு நம் 42 டிகிரி பெரிய விஷயமில்லை. மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், உரிந்து, வெறும் ரெசின் வருடக்கணக்கில் வெயில் குடித்தால்தான் மேல்பரப்பு சாம்பல் பூத்துப் பொரியும். மஞ்சளாகிப் போன கிளியர் கோட் அழகுக் குறை, ஆபத்தில்லை.

அதேபோல, பழசென்றாலே தூக்கிப் போடு என்பதும் என் கட்சி இல்லை. நல்ல கம்பெனி அடித்து, விழாமல், நெரிபடாமல் இருந்த கார்பன், வயது ஆனதாலேயே பலம் இழப்பதில்லை. அதைக் கெடுப்பது அடி, நெரிப்பு, உலோகத்தோடு சேரும் ஒட்டு, இந்த மூன்றும்தான். இந்த மூன்றில் எதுவுமே மாட்டிய சைக்கிளில் சரியாகத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

ஆகவே வாங்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. முழு சைக்கிளாக வாங்கினாலும், காசைக் கொடுப்பதற்கு முன் முன்சக்கரத்தையும் ஸ்டெம்மையும் கழற்றி ஃபோர்க்கை வெளியே உருவிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு எல் கீ போதும், கால் மணி நேர வேலை. 'எதற்கு சார், நம்பிக்கை இல்லையா' என்று விற்பவர் முகம் சுளித்தால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். மோட்டார் பைக் வாங்கும்போது செயின் கவரைத் திறந்து பார்க்கிறோம், கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். இதற்கு மட்டும் என்ன வெட்கம்?

உருவிய பிறகு பார்க்க வேண்டியதை மேலே சொல்லிவிட்டேன். கூடவே கழுத்து அடியில், ஹெட்செட்டின் கீழ் வளையமான கோன் ரேஸ் உட்காரும் மேடையையும் பாருங்கள். பழைய ரேஸைக் கழற்ற ஸ்குரூடிரைவரை வைத்து அடித்திருப்பார்கள், அங்கே குழி விழுந்திருந்தால் வேண்டாம். பிரேக் போல்ட் போகும் துளையைச் சுற்றி நட்சத்திர விரிசல் இருக்கிறதா, இரண்டு காலும் சேரும் கிரவுன் அடியில் டயர் உரசித் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோணலைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: ஃபோர்க்கில் சக்கரத்தை மாட்டுங்கள். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் சக்கரத்தைக் கழற்றி இடவலம் மாற்றி மாட்டுங்கள். இப்போது மறுபக்கம் ஒதுங்கினால் கோணல் சக்கரத்தில். மறுபடியும் அதே பக்கம் ஒதுங்கினால் ஃபோர்க்கில்.

அளவும் முக்கியம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிகப் பழைய ஃபிரேம்களுக்குக் கழுத்து 25.4 மில்லிமீட்டர், பிறகு வந்தவற்றுக்கு 28.6. ஒன்றை ஒன்றில் திணிக்க முடியாது. விற்பவரின் ஃபிரேமுக்காக ஏற்கெனவே அறுத்த கழுத்து உங்கள் ஃபிரேமுக்கு நீளம் போதுமா என்று அளந்து பாருங்கள், ஒட்டுப் போட்டு நீட்ட முடியாது. பழைய ஃபோர்க்குகள் பலவற்றில் 23 அல்லது 25 மில்லிமீட்டர் டயர்தான் நிம்மதியாகச் சுற்றும். நம் சாலைக்கு 28 நல்லது என்று திணித்தால் சின்னக் கல் ஒன்று சிக்கினாலே சக்கரம் நின்றுவிடும். மாடலின் பெயரைப் போட்டு, அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிடும் திரும்பப் பெறும் அறிவிப்புகளிலும் தேடிப் பாருங்கள். ஃபோர்க் சம்பந்தமாக அதில் பல இருக்கின்றன. புதுச் சரக்கும் விலக்கில்லை. 2021-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி தன் டார்மாக் எஸ்.எல்.7 சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது, கார்பன் கழுத்தில் விரிசல் விழலாம் என்றுதான்.

சரி, நல்ல ஃபோர்க் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் மாட்டும் கைதான். கொசப்பேட்டை மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. பால்ரஸ் போட்டு ஹெட்செட் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவர் கை இரும்பில் பழகிய கை. போல்ட் முனகும் வரை இறுக்கி, அதற்குமேல் ஒரு கால் சுற்று. அப்படி யாரோ போட்ட கால் சுற்றுதான் எங்கள் ஃபோர்க்கில் இருந்த பிறைக் கோடு.

ஸ்டெம் போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்று ஸ்டெம்மின் மேலேயே அச்சடித்திருப்பார்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அக்கம்பக்கம். ஃபோர்க் கம்பெனி அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் குறைவானதுதான் கணக்கு. 5 என்றால் எவ்வளவு? ஒரு சாண் நீளக் கம்பியின் நுனியில் இரண்டேகால் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட அளவு. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "அவ்ளோதானா? என் பேரன் இறுக்குவானே!" அவ்வளவுதான். வழுக்கும் என்று பயமிருந்தால் மணல் மாதிரிப் பொடி கலந்த கார்பன் பேஸ்ட் கிடைக்கிறது, கழுத்தில் கொஞ்சம் தடவிவிட்டால் குறைந்த இறுக்கத்திலேயே பிடிக்கும். கிரீஸ் தடவாதீர்கள்.

ஸ்டெம் கழுத்தின் நுனியோடு நுனியாக நிற்கக் கூடாது. மேலே ஐந்து மில்லிமீட்டர் இடைவளையம், அதாவது ஸ்பேசர், ஒன்று இருக்கட்டும், அப்போதுதான் கவ்வும் இடம் முழுக்கக் குழாய் இருக்கும். கீழேயும் கண்டபடி ஸ்பேசரை அடுக்கிக் கைப்பிடியை உயர்த்தாதீர்கள். பொதுவாக 30, 40 மில்லிமீட்டருக்குமேல் கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. முதுகு வலிக்கிறதென்றால் ஸ்டெம்மை மாற்றுங்கள்.

குறித்த இறுக்கம் வந்ததும் காட்டிக்கொடுக்கும் டார்க் ரென்ச் ஒன்றை நான் வாங்கி, அதை மெக்கானிக் கடையிலேயே கொடுத்துவைத்திருக்கிறேன். அவரும் இப்போது கார்பன் வண்டி வந்தால் அதைத்தான் எடுக்கிறார். கிளிக் என்று சத்தம் கேட்டதும் கையை எடுப்பதில் அவருக்கு ஒரு குஷி.

ஓட்ட ஆரம்பித்த பிறகு, பிரேக் பிடித்தால் முன்னால் கிரீச் என்றோ டொக் என்றோ புதிதாகச் சத்தம் கேட்டால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்துங்கள். ஹெட்செட் தளர்ச்சியாகவும் இருக்கலாம், கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். பெரிய பள்ளத்தில் இறங்கினாலோ, யாராவது மோதினாலோ, சக்கரம் நேராகத்தான் இருக்கிறது என்று திருப்திப்படாமல் ஃபோர்க்கை உருவிப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஹெட்செட்டுக்குக் கிரீஸ் போடும்போது எப்படியும் உருவத்தான் வேண்டும். இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். பழைய ஃபோர்க்கைப் புதிதாக மாட்டிய வாரமே ஏலகிரிக்குக் கிளம்பாதீர்கள். பையன் திட்டம் அதுதான்: 14 கொண்டை ஊசி வளைவு, இறங்கும்போது முழுப் பாரமும் முன் பிரேக்கில். நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று. இந்த விஷயம் தெரிந்த எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி: "நீங்கதான் ஃபைபர் மேஸ்திரி ஆச்சே, ரெண்டு சுத்து மேட் அடிச்சு ஒட்டித் தர வேண்டியதுதானே?" பையனும் கேட்டான், அக்காவும் கேட்டாள். மாட்டேன் என்றேன். தொட்டியில் நான் போட்ட ஒட்டு விட்டுப்போனால் ஆசிட் ஒழுகும், வால்வை மூடிவிட்டு மறுபடியும் அடிக்கலாம். கழுத்தின் வெளியே ஒரு சுற்று ஏற்றினால் அது ஹெட்செட்டுக்குள்ளேயே போகாது, ஸ்டெம்முக்குள்ளும் போகாது. உரசி இறக்கினால் இருக்கும் நல்ல இழையும் போகும். ஃபிரேமில் விழுந்த விரிசலை முறையாகச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தனிக் கலை, அவர்களிலும் பலர் ஃபோர்க் கழுத்தைத் தொடுவதில்லை. தெரிந்த வேலை என்பதாலேயே இதை நான் தொடவில்லை.

5,500 ரூபாயை அப்படியே குப்பையில் போடப் பையனுக்கு மனசு வரவில்லை. வாங்கிய விலையில் பாதிக்கு யாரிடமாவது தள்ளிவிடலாமா என்று மெல்ல ஆரம்பித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். காயலான் கடையில் போட்டாலும் ஆபத்துதான். பளபளப்பைப் பார்த்து இன்னொரு பையன் எடுத்துப்போவான். அதனால் திண்ணையில் வைத்து, மூக்குக்கு மாஸ்க், கைக்குக் கிளவுஸ், சன்னப் பல் ஆக்ஸா பிளேடு. பொடி பறக்காமல் இருக்கப் பையன் சொம்பிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தான். பிறைக் கோட்டுக்கு நடுவே குறுக்காக அறுத்தேன்.

அறுத்த முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். வெளியே தெரிந்த கோடு ஓர் அங்குலம்கூட இருக்காது. உள்ளே, முன்பக்கம் கால்வட்டத்துக்கு, பரோட்டா அடுக்கு மாதிரிப் பிரிந்து கிடந்தது. பிளேடின் முனையை அடுக்குக்கு நடுவே விட்டேன், நுழைந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டான்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: ஒரு காலையும் அறுத்துப் பார்த்தேன். ஒரு குமிழ் இல்லை, ஓர் அடுக்கு விலகவில்லை. 34 வருடத்தில் நான் அடித்த எந்தத் தொட்டியும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. அடித்தவன் கெட்டிக்காரன். மாட்டியவன்தான் கெடுத்தான்.

பையன் சைக்கிளுக்கு இப்போது பழையபடி இரும்பு ஃபோர்க். மெக்கானிக்தான் எங்கோ தேடிப் பிடித்துக் கொடுத்தார். கனம் இருமடங்குக்குமேல், பையனுக்கு அதில் வருத்தம்தான். கழுத்தின் அறுத்த துண்டு கொசப்பேட்டைக் கடையில் காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில், கம்பியில் தொங்குகிறது. செகண்ட் ஹேண்டில் கார்பன் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், மெக்கானிக் அதைக் கையில் கொடுத்து நகத்தால் இழுத்துப் பார்க்கச் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபைபர் மேஸ்திரி,
சத்துவாச்சாரி, வேலூர்.